மூட்டு தேயாத ஆரோக்கியம்

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகிற வழியில் உள்ள அந்த ஊரில் இளைஞர்கள் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் தீர்த்தகிரி. ரிக் வண்டிகள் வைத்து வடநாடெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு முடித்து, ஊர் திரும்பிச் சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். சர்க்கரை இருந்தது. தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடப்பது தீர்த்தகிரிக்குச் சிறுவயது முதலே ஒத்துவராது. நடக்காமல் ஆரோக்கியமாக இருப்பது எப்படி என்று வெகுகாலம் யோசித்துப் பார்த்து, கடைசியில் ஊர் இளைஞர்களின் ஆரோக்கியத்தைக் கவனித்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

அப்படித்தான் 'கிராமப்புற இளைஞர் நல்வாழ்வு மோட்டார்சைக்கிள் விளையாட்டுப் பேரியக்கம்' பிறந்தது. போதை, செல்போன், சோம்பல் எல்லாவற்றிலிருந்தும் இளைஞர்களை மீட்டு, மண்பாதையில் வண்டி ஓட்டும் விளையாட்டின் வழியாக நல்ல பழக்கவழக்கங்களுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். தலைவர் தீர்த்தகிரி. செயலாளர் தனசேகர், நாமக்கல் ரோட்டில் பைக் ஷோரூம் வைத்திருப்பவர். இதில் தனக்கு எந்த லாபமும் இல்லை என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

இயக்கத்துக்குக் கொடி வந்தது, டீசர்ட் வந்தது, வாட்ஸ்அப் குழு வந்தது. இடம்தான் இல்லை. இடம் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருந்தது.

அந்த மைதானம் கோகிலவாணியின் கையில் இருந்தது. அவள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. வேலைக்கு வந்த புதிதில் அது வேலிக்காத்தான் முளைத்த பொட்டல். பிள்ளைகளை வைத்துக் கல் பொறுக்கி, முள் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓடுகிற அளவுக்கு ஆக்கியிருந்தாள். நீளம் தாண்டுகிற குழிக்கு மணல் கேட்டு அவள் போகாத அலுவலகம் இல்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மணல் மட்டும் கொடுக்கவில்லை.

அந்த மைதானத்தில் ஓடிப் பழகியவர்களில் ஒன்பதாம் வகுப்பு நர்மதாவும் ஒருத்தி. அப்பா சின்னண்ணனுக்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு தோலுரிக்கும் இடத்தில் வேலை. நர்மதா செருப்பில்லாமல் ஓடுவாள். வட்டப் போட்டியில் எல்லோரையும் பின்னால் விட்டு, மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். கோகிலவாணிக்கு அவள் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், தன் வேலைக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று தோன்றும்.

பேரியக்கத்தின் அறிமுகக் கூட்டத்துக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவளை, மைக்கில் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, நடு நாற்காலியில் உட்கார வைத்தார் தனசேகர். பொன்னாடை போர்த்தினார்கள். அவளுடைய பேரை மைக்கில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவள் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை பேரைத்தான் சொன்னார்கள்.

"கோகிலவாணி டீச்சர் இன்னிலிருந்து நம்ம பேரியக்கத்தோட ஆரோக்கியத் தூதர்!" என்றார் தனசேகர். கைதட்டல் அடங்குவதற்குள் குனிந்து அவள் காதருகே, "டீச்சர், கிரவுண்ட சித்த குடுத்தீங்கன்னா நாங்களே மணல் கொட்டி, குழி எடுத்து, எல்லாம் பண்ணிக் குடுத்தர்றோமுங்க. தலைமையாசிரியர், நீங்க ஒத்துக்கிட்டா போதும்னுட்டாருங்க" என்றார்.

தலைமையாசிரியர் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்தில் பொன்னாடை. எதிரில் ஊர். காதில் மணல். "சரிங்க" என்று சொல்லிவிட்டாள் கோகிலவாணி.

வீட்டுக்குப் போய்ப் பொன்னாடையை மடித்து பீரோவில் வைக்கும்போதுதான், 'எத்தனை நாளைக்கு?' என்று கேட்கவே இல்லையே என்று உறைத்தது.

மணல் வந்தது. செம்மண்ணும் வந்தது. லாரி லாரியாக. ஜேசிபி வந்து, சுண்ணாம்புக் கோடுகளின் மேலேயே மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாக வண்டி குதித்தோடும் பாதை அமைத்தது. நீளம் தாண்டும் குழி எங்கே என்று கேட்டாள். "பள்ளமெல்லாம் குழிதானுங்க டீச்சர். எதுல வேணும்னாலும் தாண்டிக்கலாம்" என்றார் தனசேகர்.

தொடக்க விழாவில் முதல் நிகழ்ச்சி, புகை ஒழிப்பு உறுதிமொழி. மாணவர்கள் மைதானத்தின் நடுவில் நின்று கையை நீட்டிக்கொள்ள, அவர்களைச் சுற்றிலும் பேரியக்க உறுப்பினர்கள் வட்டமாக வண்டிகளை நிறுத்தி, உறுதிமொழிக்கு எழுச்சி சேர்க்க ஆக்சிலேட்டரை முறுக்கினார்கள். "நான் என் வாழ்நாளில் ஒருபோதும் புகையை" என்பது வரைக்கும் பிள்ளைகள் தெரிந்தார்கள். அதற்குப் பிறகு இருமல் மட்டும் கேட்டது. இரண்டு பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் முகம் கழுவிவிட்டாள் கோகிலவாணி.

"இருமல் வருதுன்னா பயந்துக்கக் கூடாது சாமிகளா" என்று மைக்கில் தைரியம் சொன்னார் தீர்த்தகிரி. "உள்ள இருக்கற கெட்ட காத்து வெளிய போகுதுன்னு அர்த்தம்."

பிறகு அவர் தலைமையுரை ஆற்றினார்.

"நான் படிக்காதவனுங்க. ஆனா யோசிக்கறவன். ஓடறவனுக்கு என்ன தேயுது? மூட்டு தேயுது. வண்டி ஓட்டறவனுக்கு என்ன தேயுது? டயர் தேயுது. டயர் தேஞ்சா நம்ம தனசேகர் கடையில மாத்திக்கலாம். மூட்டு தேஞ்சா எந்தக் கடையிலீங்க மாத்தறது? எனக்கு தெனமும் நடக்கச் சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்றன்? காலையில எந்திரிச்சு வண்டியில டீக்கடைக்குப் போறன். அந்தக் காத்து மூஞ்சியில அடிக்குது பாருங்க, அதுக்குப் பேர்தான் பிராணாயாமம். டீக்குச் சக்கரையக் கம்மி பண்ணிட்டன். போண்டா மட்டுந்தான். போண்டாவுல சக்கரை இல்லீங்களே!"

கூட்டம் தட்டியது. கோகிலவாணியும் தட்டினாள். மேடையில் இருப்பவர்கள் தட்டாமல் இருக்க முடியாது.

ஒரு சின்ன இடைஞ்சல் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. பேரியக்கமோ சட்டத்தை மதிக்கிற இயக்கம். ஆகவே பிள்ளைகள் வண்டி ஓட்டக்கூடாது என்றும், பெரியவர்கள் ஓட்டுவதைப் பார்க்கலாம் என்றும் செயற்குழு முடிவெடுத்தது. பார்க்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதால், அதுவும் ஓடியதற்குச் சமம்தான் என்று தனசேகர் விளக்கினார். இதற்கு 'மறைமுக உடற்பயிற்சி' என்று பேர் வைத்தார்கள். நேரடி உடற்பயிற்சியும் இருந்தது. ஸ்டாண்டு போட்ட வண்டியில் பிள்ளைகள் வரிசையாக ஏறி உட்கார்ந்து, விசில் அடித்தால் ஹெல்மெட்டைப் போடவேண்டும், இன்னொரு விசிலுக்குக் கழற்றவேண்டும். விசில் கோகிலவாணியிடம் கொடுக்கப்பட்டது. அவள் ஊதினாள்.

பயிற்சி முடிந்ததும் களைப்பு தீர பப்ஸும் கலர் தண்ணீரும். ஒரு பேக்கரிக்காரர் பேரியக்கத்தின் ஊட்டச்சத்துப் புரவலராகச் சேர்ந்திருந்தார்.

முன்பெல்லாம் விடியலில் ஓட வருகிற பிள்ளைகள், இப்போது பப்ஸ் வருகிற நேரம் பார்த்து வந்தார்கள். பாதிப் பேர் அப்பா வண்டியில் இறங்கினார்கள். அடுத்த முறை எடை பார்த்தபோது பெரும்பாலும் எல்லோருக்கும் கூடியிருந்தது. கோகிலவாணி பதறிப்போய்த் தனசேகரிடம் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"வளர்ச்சி டீச்சர், வளர்ச்சி! இதை மொதல்ல குரூப்புல போடுங்க."

அவள் போட்டாள். போடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் அடித்திருக்க மாட்டார்கள்.

நர்மதா பப்ஸ் சாப்பிடவில்லை. வண்டியில் ஏறி உட்காரவும் இல்லை. மேடுகளுக்கு நடுவில் ஓடப் பார்த்தாள். அதையும் செயற்குழு கவனித்தது. பாதுகாப்பு கருதி, மைதானத்துக்குள் கால்நடையாக யாரும் வரக்கூடாது என்று போர்டு வைத்தார்கள். நடந்து வருகிறவர்களைத்தான் சொல்கிறோம் என்பது ஊருக்குப் புரிவதற்குள், மேய்ச்சலுக்கு வந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நான் எங்க டீச்சர் ஓடறது?" என்று நர்மதா கேட்டாள்.

கோகிலவாணி அவள் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கு ரோட்டு ஓரமா ஓடு கண்ணு. மாவட்டப் போட்டி முடியட்டும், பேசிக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் காலையில் பள்ளிக்கு வரும் வழியை மாற்றிக்கொண்டாள். ராசிபுரம் ரோட்டில் லாரிகளுக்கும் முட்டை வண்டிகளுக்கும் நடுவே, வெறுங்காலோடு ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்க்கவேண்டி வரும். காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய ஸ்கூட்டர் குழியில் விழுந்து எழும்போதெல்லாம், இது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் பேரியக்கம் ஆரோக்கிய விழிப்புணர்வுப் பேரணி நடத்தியது. கொடி கட்டிய வண்டிகள் ராசிபுரம் ரோட்டில் சாரி சாரியாகப் போயின. ஒவ்வொருவரும் ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் துண்டுப் பிரசுரமுமாக, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போனார்கள். பிரசுரத்தில் பெரிய எழுத்தில் 'தினமும் ஓடுவோம், நோயின்றி வாழ்வோம்' என்று இருந்தது. ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்த நர்மதாவுக்கும் ஒருவர் நீட்டினார். அவள் ஓடிக்கொண்டிருந்ததால் வாங்கவில்லை. வாங்கவைத்தே தீருவது என்று அவர் வண்டியை அவள் பக்கம் ஒடித்துத் திருப்பினார். ஹேண்டில்பார் அவள் இடுப்பில் பட்டது. நர்மதா தட்டுத்தடுமாறி வாய்க்காலில் விழுந்தாள்.

கணுக்கால் எலும்பு விட்டுப்போயிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். மாவட்டப் போட்டியன்று நாமக்கல்லில் அவள் ஓடவேண்டிய கோட்டில் யாரும் நிற்கவில்லை.

பேரியக்கம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பாராட்டு விழா எடுத்தது. அப்பாவின் தோளைப் பிடித்து நொண்டி நொண்டி வந்த நர்மதாவை மேடையேற்றி, 'விழிப்புணர்வு நாயகி' என்று பட்டம் கொடுத்து, ஹெல்மெட் ஒன்றைப் பரிசாக அளித்தார்கள். அடிபட்டது காலில் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

தீர்த்தகிரி கண் கலங்கப் பேசினார்.

"இந்தப் புள்ளைக்கு ஏன் அடிபட்டுச்சு? யோசிச்சுப் பாருங்க. பேரணியில அத்தன வண்டி போச்சு. வண்டியில போன ஒருத்தருக்காவது அடிபட்டுச்சுங்களா? இல்ல. கால்ல போன ஒரே ஒரு ஆளு, அதுக்குத்தான் பட்டுச்சு. நடக்கறது, ஓடறது எவ்வளவு ஆபத்துன்னு இதவிட ஆரு எடுத்துச் சொல்ல முடியும்? இந்தக் கொழந்தை தன் காலக் குடுத்து ஊருக்கே பாடம் நடத்தியிருக்குது!"

அடுத்து ஆரோக்கியத் தூதர் பேசுவார் என்று அறிவித்தார்கள்.

கோகிலவாணி மைக் முன்னால் வந்தாள். கீழே சின்னண்ணன், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, அதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி வைத்திருந்ததை மறந்துவிட்டாள்.

"நாந்தான் கிரவுண்டக் குடுத்தேன்" என்றாள். "ஆரையும் கேக்கல. அந்தப் புள்ளைய ரோட்டுல ஓடச் சொன்னதும் நாந்தான். வேற ஆரும் இல்ல. எல்லாத்துக்கும் நாந்தான் காரணம்."

தனசேகர் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா டீச்சரோட மனச! கிரவுண்டையே தியாகம் பண்ணிட்டு, அதை இத்தன அடக்கமாச் சொல்றாங்க! எல்லாத்துக்கும் அவங்கதான் காரணம்னு நாம சொல்லணும். அவங்களே சொல்ல வேண்டியதாப் போச்சு. பலத்த கரகோஷம் குடுங்க!"

கரகோஷம் பலமாகவே இருந்தது. இரண்டாவது பொன்னாடை போர்த்தினார்கள்.

அன்று பொழுது சாயும் நேரம் அவள் சின்னண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலில் காயப்போட்டிருந்த கிழங்குத் தோலை அவர் அள்ளிக்கொண்டிருந்தார். நர்மதா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க டீச்சர். ஊட்டுக்குள்ள வாங்க" என்று துண்டால் நாற்காலியைத் துடைத்தார் சின்னண்ணன்.

கோகிலவாணி உட்காரவில்லை. "மேடையில சொன்னது நெசமுங்க. அவங்க வேற மாதிரி ஆக்கிட்டாங்க. ஒரு பொன்னாடைக்கு மயங்கிக் கிரவுண்டக் குடுத்தேன். அதனாலதான் இந்தப் புள்ள இப்படிக் கிடக்குது."

"அட உடுங்க டீச்சர்" என்றார் சின்னண்ணன். "பெரிய மனுசங்க கேட்டா நீங்க என்னங்க பண்ணுவீங்க? நேரம் சரியில்ல. கரட்டுமேட்டு முனியப்பனுக்கு வேண்டியிருக்கறன், சரியாப் போயிரும். காப்பி வெக்கட்டுங்களா?"

அவள் எதிர்பார்த்து வந்தது திட்டுக்கு. கிடைத்தது காப்பி. மேடையில் கிடைத்த கைதட்டலைவிட இது அவளை வதைத்தது. அந்த ஊரில் ஒரு தப்பைச் செய்துவிட்டு அதை ஒப்படைக்க ஓர் இடம் இல்லை போலிருந்தது.

"ஆமா டீச்சர், நீங்கதான்" என்றாள் நர்மதா.

"ஏ அம்மிணி! டீச்சர்கிட்ட என்ன பேச்சு!" என்று அதட்டினார் சின்னண்ணன்.

"அவங்கதானப்பா சொன்னாங்க?" நர்மதா நேராகப் பார்த்தாள். "எங்க ஓடறதுன்னு கேட்டனில்ல? நீங்க என் மூஞ்சியக்கூடப் பாக்கல. அதுக்கப்புறம் நான் ஓடற ரோட்டுப் பக்கமே வரல. ஒரு நா நீங்க வந்திருந்தாக்கூட நான் தைரியமா ஓடியிருப்பேன். நீங்க வருவீங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடுவேன்."

கோகிலவாணிக்கு அழுகை வந்தது. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவளால் நன்றாக மூச்சு விட முடிந்தது.

"என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

"கிரவுண்டு வேணும்" என்றாள் நர்மதா.

மறுநாள் கோகிலவாணி தலைமையாசிரியரிடம் போனாள். பேரியக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். தனசேகரிடம் போனாள். தலைவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். தலைவரிடம் போனாள். அவர் டீக்கடையில் பிராணாயாமம் முடித்து உட்கார்ந்திருந்தார். "செயற்குழு கூடட்டும் அம்மிணி. நம்மளுது சனநாயக இயக்கமாச்சே" என்றார்.

செயற்குழு கூடுகிறவரை அவள் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்துத் தோட்டத்தில் மண்வெட்டி இரவல் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தே போனாள். முதல் மேட்டில் கொத்தினாள். மழைக்கும் வெயிலுக்கும் இறுகிப்போயிருந்த செம்மண் சில்லுச் சில்லாகத்தான் பெயர்ந்தது. வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மேட்டைப் பார்த்தால், எலி பிராண்டியதுபோல் இருந்தது.

ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து மொபெட்டில் வந்த சின்னண்ணன், ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். வந்து நின்றார். அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, "நான் வெட்டறனுங்க, நீங்க அள்ளுங்க. நீங்க வெட்டுனா தை பொறந்துரும்" என்றார்.

அடுத்தடுத்து சில பிள்ளைகள் வந்தார்கள். பப்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் மண் அள்ளும் சட்டியை எடுத்தார்கள்.

தகவல் தெரிந்து தனசேகர் வண்டியில் வந்து இறங்கினார். கோபமாகத்தான் வந்தார். வேர்த்து ஒழுக மண் சுமக்கிற பிள்ளைகளைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விட்டது. செல்போனை எடுத்து நாலாப் பக்கமிருந்தும் படம் பிடித்தார். மத்தியானத்துக்குள் குழுவில் வந்துவிட்டது: 'பேரியக்கத்தின் அடுத்த பாய்ச்சல்! இளைஞர் நல்வாழ்வுக்கு மண்வெட்டி விளையாட்டு! தலைவர் நாளை நேரில் வந்து முறைப்படி தொடங்கி வைக்கிறார்.' கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

கோகிலவாணி மண் அப்பிய விரலால் அதன் கீழே எழுதினாள்: 'எல்லாரும் வாங்க. ஆளுக்கொரு மம்பட்டி கொண்டாங்க. இங்க ஒண்ணுதான் இருக்கு.'

தலைவருக்கு மறுநாள் திருச்செங்கோட்டில் தவிர்க்க முடியாத ஒரு காதுகுத்து வந்துவிட்டது. செயலாளருக்கு ஷோரூமில் ஆடிட்டிங். ஊட்டச்சத்துப் புரவலருக்கு இடுப்புப் பிடிப்பு. அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும் யாரும் வரவில்லை. குழுவில் பேச்சு நின்றது. பக்கத்து ஊரில் இளைஞர்கள் இன்னும் மோசமாகக் கெட்டுப்போயிருப்பதாகத் தெரியவந்து, பேரியக்கம் அங்கே போய்விட்டது.

மேடுகள் கரைய ஆடியும் ஆவணியும் ஆயின. ஒரு காலையில் நர்மதா வந்தாள். கட்டுப் பிரித்திருந்தார்கள், ஆனால் காலை ஊன்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழையபடி ஓட முடியுமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. பள்ளிச் சுவரோரமாகக் கல்லில் உட்கார்ந்து மைதானத்தை நெடுநேரம் பார்த்தாள். கோகிலவாணி புதுச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று நர்மதா ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று அவள் நெஞ்சு எதிர்பார்த்தது. அப்படி எதிர்பார்த்ததற்கும் வெட்கமாக இருந்தது.

"டீச்சர்" என்று கூப்பிட்டாள் நர்மதா.

"என்ன கண்ணு?"

"அந்த மூலை இன்னும் மேடா இருக்குது."

கோகிலவாணி சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனாள்.